தனி ஊசலில் 9.51 வந்தால் எங்கே தேடுவது?

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.51 வந்தது. கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் 9.8, 9.81 என்று சரியாக வருகிறது. நான் எங்கே தவறு செய்தேன்? ரெக்கார்டில் ரீடிங்கைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிடலாமா?" கூடவே அட்டவணையையும் தந்திருக்கிறார். நூலின் நீளம் 50, 60, 70, 80, 90, 100 செ.மீ. 20 அலைவுக்கான நேரம் முறையே 28.9, 31.7, 34.1, 36.4, 38.6, 40.5 நொடி.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று, 9.51 ஏன் வந்தது என்பது. மற்றது வெளிப்படையாகக் கேட்கப்படவில்லை: புத்தகத்தில் உள்ள விடையைப் பார்க்காமல், என் கையில் இருக்கும் ஆறு ரீடிங்கை மட்டும் வைத்துக்கொண்டு, என் விடையை எவ்வளவு நம்பலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்கான பதில் தானாகவே வந்துவிடும். பல வருடங்களாக முதலாம் ஆண்டு ஆய்வக வகுப்புகளில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அட்டவணையை அப்படியே கொடுத்தது மிக நல்ல காரியம். வெறும் 9.51 மட்டும் கொடுத்திருந்தால் யாராலும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

முதலில் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அலைவுக்கான நேரத்தை 20 ஆல் வகுத்தால் ஒரு அலைவுக்கான நேரம், அதாவது அலைவு நேரம் கிடைக்கும். மீட்டரில் எழுதிய நீளத்தை அலைவு நேரத்தின் வர்க்கத்தால் வகுத்து, நான்கு பை வர்க்கத்தால், அதாவது 39.48 ஆல் பெருக்கினால் வருவது: 9.45, 9.43, 9.51, 9.53, 9.54, 9.63. சராசரி 9.51. நீங்கள் சராசரி எடுத்தவுடன் நிறுத்திவிட்டீர்கள். ஆனால் இந்த ஆறு எண்களையும் மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். இரண்டாவது எண் மட்டும் சற்றே இறங்கினாலும், நூல் நீளமாக ஆக விடை கூடிக்கொண்டே போகிறது. கை நடுக்கத்தாலும் கண் அசைவாலும் வரும் ஒழுங்கற்ற பிழையாக மட்டும் இருந்தால், எண்கள் மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும். இப்படி ஒரே பக்கமாக ஏறாது. இங்கே முறையான பிழை, அதாவது விடையை எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கும் பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. அது குட்டையான நூலைப் பெரிதாகவும் நீளமான நூலைச் சிறிதாகவும் பாதிக்கிறது. இவ்வளவும் 9.81 என்ற எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலேயே தெரிகிறது என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து வரைபடம். கிடைமட்ட அச்சில் நீளத்தையும் நிலைக்குத்து அச்சில் அலைவு நேரத்தின் வர்க்கத்தையும் குறியுங்கள். வர்க்கங்கள் 2.088, 2.512, 2.907, 3.312, 3.725, 4.101 என்று வரும். புள்ளிகள் அழகாக ஒரு நேர்கோட்டில் உட்காருகின்றன, ஆனால் அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. மீச்சிறு வர்க்க முறையில், அதாவது எல்லாப் புள்ளிகளுக்கும் மிக நெருக்கமாகப் போகும் கோட்டைக் கணக்கிட்டுப் பொருத்திப் பார்த்தேன். சாய்வு 4.03, கோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் இடமான வெட்டுத்துண்டு 0.085. நான்கு பை வர்க்கத்தை இந்தச் சாய்வால் வகுத்தால் 9.80 கிடைக்கிறது. அதே ரீடிங்தான், ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் நீள அச்சை பூஜ்யத்துக்கு இடப்பக்கம் சுமார் 2.1 செ.மீ. தொலைவில் வெட்டுகிறது. அதாவது, நீங்கள் 50 செ.மீ. என்று எழுதிய ஊசல் 52 செ.மீ. ஊசலைப் போல ஆடியிருக்கிறது, 100 என்று எழுதியது 102 போல ஆடியிருக்கிறது. எல்லா நீளத்திலும் ஒரே அளவு குறைகிறது. 50-ல் 2 என்பது 4 சதவீதம், 100-ல் 2 என்பது 2 சதவீதம். குட்டை நூலில் விடை அதிகமாக அடி வாங்கியதற்குக் காரணம் இதுவே.

எந்த 2 செ.மீ.? நூலின் நீளம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குக்குத் தேவையானது தொங்கவிடும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள தொலைவு. கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமாக இருக்கும் பித்தளைக் குண்டின் விட்டம் சுமார் 2.5 செ.மீ., ஆரம் 1.25 செ.மீ. அதன் தலையில் உள்ள கொக்கி இன்னும் அரை செ.மீ. அல்லது சற்று அதிகம். முடிச்சு வரை மட்டும் அளந்து எழுதியிருந்தால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ இந்த அளவுக்கு வரும். அதனால் கொக்கியையும் ஆரத்தையும் கூட்டாமல் விட்டதுதான் காரணம் என்பது என் முதல் ஊகம்.

ஊகம் என்றுதான் சொல்கிறேன். எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். முறையான பிழை ஒன்று இருக்கிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. அதன் அளவு 2.1 என்பது அவ்வளவு உறுதி இல்லை; ஆறு புள்ளிகளின் சிதறலை வைத்துக் கணக்கிட்டால் அதில் ஏறக்குறைய 0.6 செ.மீ. ஐயம் இருக்கிறது. ஒன்றரை செ.மீ.யும் இருக்கலாம், இரண்டே முக்காலும் இருக்கலாம். காரணம் நீளம்தானா என்பதும் இந்த அட்டவணையால் மட்டும் தீராது. இதே போன்ற ஏற்றத்தை உண்டாக்கக்கூடிய வேறு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று வீச்சு. தனி ஊசலின் சூத்திரம் சிறு கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். 5 டிகிரியில் ஆட்டினால் விடை 0.1 சதவீதம்தான் குறையும். 10 டிகிரியில் 0.4 சதவீதம், 20 டிகிரியில் 1.5, 30 டிகிரியில் 3.4 சதவீதம். எல்லா நீளத்திலும் ஒரே கோணம் வைத்திருந்தால் எல்லா வரிசையும் ஒரே விகிதத்தில் குறையும், ஏற்றம் தெரியாது. ஆனால் மாணவர்கள் யாரும் கோணத்தை அளப்பதில்லை. கைக்கு வந்த தூரத்துக்கு இழுத்து விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சாண் இழுத்து விட்டிருந்தால், 50 செ.மீ. நூலில் அது 26 டிகிரியைத் தாண்டும்; விடையில் 2.7 சதவீதம் போய்விடும். 100 செ.மீ. நூலில் அதே ஒரு சாண் 13 டிகிரிதான், 0.6 சதவீதம்தான் போகும். உங்கள் அட்டவணையில் உள்ளது போன்ற ஏற்றத்தை இதுவும் கொடுக்கும். நான்கு விரற்கடை மட்டும் இழுத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை, 50 செ.மீ.யிலும் 0.3 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். எவ்வளவு இழுத்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று ஸ்டாப் வாட்ச். ஒவ்வொரு முறையும் நிறுத்துவதில் மட்டும் ஒரே அளவு தாமதம் இருந்தால் அதுவும் விடையைக் குறைக்கும், குட்டை ஊசலைக் கொஞ்சம் அதிகமாகவே. ஆனால் உங்கள் 9.51 போல விடை 2.7 சதவீதம் குறைய வேண்டுமென்றால் ஏறத்தாழ அரை நொடி தாமதம் வேண்டும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஒரே கை, ஒரே கண் என்பதால் தாமதத்தின் பெரும்பகுதி கழிந்துவிடும். மிஞ்சுவது வழக்கமாக 0.1, 0.2 நொடிதான். ஆகையால் இதை மூன்றாவது இடத்தில் வைக்கிறேன். சோதிக்கவும் எளிது. ஒரே நீளத்தில் 10 அலைவு நேரத்தையும் 40 அலைவு நேரத்தையும் எடுங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து 30 ஆல் வகுங்கள். நிலையான தாமதம் எதுவாக இருந்தாலும் கழித்தலில் காணாமல் போய்விடும்.

நேரம் எடுக்கும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குண்டு ஒரு ஓரத்துக்குப் போய்த் திரும்பும் இடத்தில் கடிகாரத்தை அழுத்துவது இயல்பாகத் தோன்றும், அங்கேதான் குண்டு நிற்பது போலத் தெரிகிறது. நிற்பதால்தான் அது தப்பான இடம். ஒரு மீட்டர் ஊசல் 7 செ.மீ. வீச்சில் ஆடினால், திரும்பும் புள்ளியைச் சுற்றி 0.2 நொடி நேரம் குண்டு மூன்று நான்கு மில்லிமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. எந்தக் கணத்தில் திரும்பியது என்று கண்ணால் சொல்லவே முடியாது. நடுப்புள்ளியில் அதே குண்டு நொடிக்கு 22 செ.மீ. வேகத்தில் கடக்கிறது. பின்னால் சுவரிலோ மேசை விளிம்பிலோ சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, நூல் அந்தக் கோட்டைக் கடக்கும்போது அழுத்துங்கள். கடிகாரத்தை ஓடவிடும்போது "பூஜ்யம்" என்று சொல்லித் தொடங்குங்கள். "ஒன்று" என்று தொடங்கினால் 20 என்று எண்ணும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும், விடை 10.8 பக்கம் போய் நிற்கும். யாராவது 10.8 வருகிறது என்று வந்து நின்றால், அட்டவணையைத் திறக்கும் முன்பே எண்ணிக்கையைத்தான் சந்தேகப்படுவேன். அதே மாதிரி 8.9 என்றால் ஒரு அலைவு கூடுதலாகப் போயிருக்கிறது.

காற்றுத் தடை, நூலின் எடை, குண்டு புள்ளியாக இல்லாமல் உருண்டையாக இருப்பது என்று வைவாவில் ஒப்பிக்கிறோமே, அவற்றுக்கெல்லாம் இங்கே பெரிய பங்கு இல்லை. 50 செ.மீ. நூலில் 2.5 செ.மீ. குண்டு உருண்டையாக இருப்பதால் வரும் திருத்தம் 0.025 சதவீதம். பித்தளைக் குண்டைக் காற்று மேலே தூக்கும் விசையால் வருவது 0.015 சதவீதத்துக்கும் குறைவு. உங்களுடைய 2.7 சதவீதத்துக்கு முன்னால் இவை நிற்காது. "பிழைக்கான காரணம்: காற்றுத் தடை" என்று ரெக்கார்டில் எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். எண் போட்டுப் பார்க்காமல் சொல்லப்படும் காரணம் அது.

சரி, இப்போது 9.81-க்கு வருவோம். நீங்கள் எட்டிப் பிடிக்க நினைக்கும் அந்த எண் நம் ஊருக்கு உரியது இல்லை. புவியீர்ப்பு முடுக்கம் நிலநடுக்கோட்டில் கடல்மட்டத்தில் சுமார் 9.780, துருவங்களில் 9.832. பூமி சுழல்வதும் நடுவில் சற்றுப் புடைத்திருப்பதும் இதற்குக் காரணம். 9.80665 என்பது 1901-ல் எடை, அளவு பொது மாநாட்டில் வைத்துக்கொண்ட நியம மதிப்பு. 45 டிகிரி அகலாங்கை ஒட்டியது. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. அகலாங்குச் சூத்திரத்தில் போட்டால் 9.783 வருகிறது, கன்னியாகுமரிக்கு 9.781. எனவே தமிழ்நாட்டின் சமவெளியில் எங்கே ஊசல் ஆட்டினாலும் எதிர்பார்க்க வேண்டியது 9.78.

இந்த வித்தியாசம் ஊசலால்தான் முதலில் தெரியவந்தது. 1672-ல் ழான் ரிஷேர் என்ற பிரெஞ்சு வானியலாளர் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேன் தீவுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பின்தங்கியது. நொடி ஊசலின், அதாவது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளத்தைச் சுமார் 2.8 மி.மீ. குறைத்த பிறகே சரியாக ஓடியது. பூமி முழு உருண்டை இல்லை என்று நியூட்டன் வாதாடியபோது இந்த அளவீட்டையும் பயன்படுத்திக்கொண்டார். நம் ஊரிலும் இது நடந்திருக்கிறது: 1821-ல் மெட்ராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் நொடி ஊசலின் நீளத்தை அளந்தார், அந்த முடிவுகள் அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. சென்னையில் நொடி ஊசலின் நீளம் 99.1 செ.மீ., லண்டனில் 99.4. இந்த 3 மி.மீ. வித்தியாசத்துக்காகத்தான் அவ்வளவு பாடு. ஊசலை நீங்கள் அசட்டையாக நினைக்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் உங்கள் 9.80, 9.78-ஐ விட 0.02 அதிகம் என்று கவலைப்படலாமா? வேண்டாம். உங்கள் சாய்வில் உள்ள ஐயத்தைக் கணக்கிட்டால் விடை 9.80 ± 0.07 என்று வருகிறது. 9.78-ம் அதற்குள் இருக்கிறது, 9.81-ம் இருக்கிறது. இரண்டையும் பிரித்துச் சொல்லும் நுண்மை உங்கள் ரீடிங்குக்கு இல்லை. அது குறையுமில்லை, ஸ்டாப் வாட்சையும் மீட்டர் அளவுகோலையும் வைத்துக்கொண்டு ஒரு மதியப் பொழுதில் இதற்கு மேல் போவது கஷ்டம். இதே காரணத்தால்தான் கூடப் படிப்பவர்களின் 9.81 மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. 29 நொடியில் 0.1 நொடி தவறினாலே அந்த வரிசையின் விடை 0.07 நகர்ந்துவிடும். ஒவ்வொரு வரிசையிலும் 9.80, 9.81, 9.81 என்று வந்தால், விடையிலிருந்து பின்னோக்கி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். உங்களுடைய சிதறலில் கோளாறு எங்கே என்று தேட முடிந்தது. அவர்களுடையதில் தேடுவதற்கே ஒன்றும் மிச்சமில்லை.

இதே பழக்கம் அடுத்து வரும் சோதனைகளுக்கும் உதவும். எல்லா அளவையும் ஒரே கவனத்தோடு எடுக்க நேரம் இருக்காது. சூத்திரத்தில் எந்த அளவுக்குப் பெரிய அடுக்கு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். முறுக்கு ஊசலில் கம்பியின் விறைப்புக் குணகம் ஆரத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. 0.8 மி.மீ. கம்பியைத் திருகு அளவியில் ஒரே ஒரு மீச்சிற்றளவு, 0.01 மி.மீ., தவறாகப் படித்தால் விடையில் 5 சதவீதம் போய்விடும். அங்கே மாணவர்கள் நேரத்தை மூன்று தடவை எடுத்துவிட்டு, கம்பியை ஒரே இடத்தில் ஒருமுறை அளந்து, சுழிப்பிழையையும், அதாவது கருவி மூடியிருக்கும்போதே பூஜ்யம் காட்டாத பிழையையும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். கம்பியைப் பல இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளக்க வேண்டும். வளைவுச் சோதனையில் யங் குணகத்துக்குச் சட்டத்தின் தடிமன் மூன்றாம் அடுக்கில் வருகிறது. அங்கேயும் இதே கதைதான். கூட்டு ஊசலில் நீங்கள் இப்போது மாட்டிக்கொண்ட சிக்கலே இல்லை. குண்டின் மையத்தைத் தேட வேண்டாம்; ஒரே அலைவு நேரம் தரும் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தொலைவை அளந்தால் போதும். ஹென்றி கேட்டர் 1817-ல் இரு கத்தி விளிம்புகள் கொண்ட திருப்பு ஊசலை உருவாக்கியதும் இந்த மையம் தேடும் தொல்லையிலிருந்து தப்பிக்கத்தான்.

கடைசியாக ரெக்கார்டு. மதிப்பெண் விஷயத்தில் தேர்வாளர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி, 9.8-ஐத் தேடுபவரும் இருக்கிறார், வரைபடத்தைத் தேடுபவரும் இருக்கிறார். உங்கள் தேர்வாளர் எப்படி என்று நான் சொல்ல முடியாது. ஆனால் ரீடிங்கைத் தொடாதீர்கள். அடுத்த ஆய்வக வகுப்பில் அதே குண்டைக் கேட்டு வாங்கி, வெர்னியர் அளவியால் விட்டத்தையும் கொக்கியின் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். ஆரமும் கொக்கியும் சேர்ந்து 1.5-க்கும் 2.7-க்கும் இடையில் வந்தால் நீளம்தான் காரணம் என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். வரவில்லை என்றால் 50 செ.மீ. நீளத்தில் நான்கு விரற்கடை மட்டும் இழுத்து இன்னொருமுறை நேரம் எடுங்கள். மேலே நூலைப் பிடித்திருக்கும் பிளந்த கார்க்கின் அடிவிளிம்பிலிருந்துதான் அளந்தீர்களா என்பதையும் பார்த்துவிடுங்கள், மேல்விளிம்பிலிருந்து அளந்திருந்தால் பிழை எதிர்ப்பக்கம் போகும். அப்புறம் அட்டவணைக்குக் கீழே சராசரி முறையில் 9.51, வரைபட முறையில் 9.80 ± 0.07 என்று இரண்டையும் எழுதி, வித்தியாசத்துக்கான காரணத்தை ஒரே வரியில், அளந்த எண்ணோடு குறிப்பிடுங்கள். கால்குலேட்டர் 9.795 என்று காட்டும், ± 0.07 இருக்கும்போது அந்த மூன்றாவது தசம இடத்துக்குப் பொருள் இல்லை, அதை விட்டுவிடுங்கள்.